இழுப்புச் சோதனை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பார்சல் கொட்டகையில் லாரி ஓட்டுகிறவர்கள் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ரெட்டை. அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளுக்குள் பெருமை வேறு.

எதிலும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்கிற ஆள். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, பையில் அதே சாவிகளுக்கு இன்னொரு கொத்து. மூக்குக் கண்ணாடி இரண்டு, செல்போன் இரண்டு, குடை இரண்டு. மழையில் ஒரு குடையை விரித்துக்கொண்டு, இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். பக்கத்தில் ஒருவன் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தாலும் அந்த இரண்டாவது குடை கக்கத்தை விட்டு இறங்காது. கேட்டால், "இது மடங்கிக்கிச்சுன்னா என்ன பண்றது?" என்பார். கேட்டவன் நனைந்துகொண்டே போகவேண்டியதுதான்.

கல்யாணத்துக்குப் பெண் தேடியபோதும் இதே புத்தி. ஓர் இடம் முடிவாகிற நிலையில் இருக்கும்போதே இன்னோர் இடத்துக்கு வேண்டாம் என்று சொல்லாமல் ஜவ்வாக இழுத்து வைத்திருந்தார். முதல் இடம் கைவிட்டது. இரண்டாவது இடத்துப் பெண்தான் இப்போதைய மனைவி. கல்யாணமான சூடு ஆறுவதற்குள் அவளிடமே இதைச் சொன்னார். "பாத்தியா, ஒரே எடத்தை நம்பியிருந்தேன்னா இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்." தன் சாமர்த்தியத்தை அவள் மெச்சுவாள் என்று வேறு எதிர்பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்கை அணைத்தாள். இவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். இப்படிப்பட்ட மனிதரை என்னவென்று சொல்வது.

ஆனால் வேலையில் அந்தப் புத்திதான் அவருக்குச் சாப்பாடு போட்டது. அவர் வேலை பார்த்த இடம் பெரிய பார்சல் கொட்டகை. ஒரு பக்கம் லாரிகளிலிருந்து பெட்டிகள் இறங்கும். நீளமான பெல்ட்டுகள் அவற்றைச் சுமந்துகொண்டு போகும். வழியில் சிவப்பு வெளிச்சம் ஒன்று பெட்டியின் மேலிருக்கும் கோடுகளைப் படித்து, இது எந்த ஊருக்கு, எந்த லாரிக்கு என்று மாடியிலிருக்கும் கம்ப்யூட்டரைக் கேட்கும். அது சொன்னபடி பெட்டி மறுபக்கத்து லாரிகளுக்குப் பிரிந்து போகும். மாடியில் கண்ணாடி போட்ட குளிர் அறைக்குள் இருந்த அந்த ஒரு கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்தினால் கீழே அத்தனையும் நின்றுவிடும்.

முன்பு ஒருமுறை நின்றிருக்கிறது. அப்போதிருந்த கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி, பவர் சப்ளை என்பார்களே அது, ஒன்றே ஒன்றுதான். வியாபாரம் சக்கைப்போடு போட்ட சமயத்தில் அது புகைந்து போனது. மாற்றுப் பெட்டி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் பார்சல்கள் கூரை வரை குவிந்துவிட்டன. பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். முதலாளி குவியல் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ரெட்டை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு ரெட்டை வாங்க வைத்த கம்ப்யூட்டரில் பின்னால் இரண்டு பவர் சப்ளைகள். செங்கல் அளவில், கைப்பிடியோடு, பக்கத்துப் பக்கத்தில் செருகியிருக்கும். இரண்டும் பாரத்தைப் பாதிப்பாதியாகச் சுமக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று முழுப் பாரத்தையும் அந்தக் கணமே தூக்கிக்கொள்ளும். செத்ததை ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவிவிட்டுப் புதிதைச் செருகலாம். கீழே ஒரு பெட்டிகூடத் தயங்காது. ரெட்டை அதோடும் நிற்கவில்லை. இரண்டுக்கும் தனித்தனி யு.பி.எஸ்., தனித்தனி மின் இணைப்பு. ஒரு வயர் சிவப்பு லைனுக்கு, ஒரு வயர் நீல லைனுக்கு. தரைப் பலகைகளுக்கு அடியில் ஒன்றையொன்று தொடாமல் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு வயரையும் ஒரே லைனில் செருகிவிட்டாலும் இரண்டு பவர் சப்ளையிலும் பச்சை விளக்கு ஜம்மென்று எரியும். பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அந்த லைன் போகும்போதுதான் இரண்டும் சேர்ந்து போகும். அதனால் ரெட்டை ஒரு பாடத்தை ஓயாமல் சொல்லுவார். "லைட்டை நம்பாதே. பலகையைத் தூக்கு, வயரைத் தடவிக்கிட்டே கடைசி வரைக்கும் போ."

வருடத்துக்கு ஒருமுறை, ஒன்றை இழுத்துவிட்டாலும் மற்றது தாங்குகிறதா என்று பார்க்கிற இழுப்புச் சோதனை நடக்கும். முதலாளி பெரிய வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு குளிர் அறைக்கு வருவார். பெல்ட்டுகள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெட்டை ஒரு லைனின் சுவிட்சை, அதன் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து, எல்லோர் முன்னாலும் அணைப்பார். கம்ப்யூட்டர் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தாளிகள் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். முதலாளி ரெட்டையின் தோளில் தட்டுவார். ரெட்டைக்கு அந்தத் தட்டு ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

முதலாளிக்கு மனுசர்களைப் பற்றி ஒரு யோசனை வந்தது அப்படியொரு நாளில்தான்.

"ஏன் ரெட்டை, நம்ம கொட்டகையில முக்காவாசி வேலைக்கு ரெண்டு ரெண்டு ஆளு இருக்கான். ஒருத்தனை இழுத்துப் பாத்தா என்ன?"

ரெட்டைக்கு மனசு குளிர்ந்து போயிற்று. முதலாளி தன் பாணியில் யோசிக்கிறாரே. "இழுத்தாத்தான் முதலாளி தெரியும், ஓடுதா நிக்குதான்னு" என்று சிரித்தார். சிரித்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

முதல் இழுப்பு கேட்டில். அங்கே இரண்டு பெண்கள். லாரிகளை உள்ளே விடுவதும், எண்ணைப் பதிவதும் அவர்கள் வேலை. ஒருத்தியைக் காரணம் சொல்லாமல் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார் முதலாளி. மற்றவள் டீ குடிக்கக்கூட நகராமல் இருவர் வேலையையும் இழுத்துப் பிடித்துச் செய்தாள். எல்லாம் ஓடியது. வாரம் முடிந்து, துவைத்து இஸ்திரி போட்ட உடுப்போடு திரும்பி வந்தவளிடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையை வாங்கச் சொன்னது, கூடவே வேலை பார்த்த அந்த இன்னொருத்தியை. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். வாங்கினவள் பெயர் அன்றிலிருந்து கேட் அக்கா, ஏனென்றால் கேட்டில் வேறு ஆளே இல்லை.

ரெட்டைக்கு அன்றைக்கே உறைத்தது. முதலாளி சோதனையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இழுத்த பிறகும் ஓடினால், உருவியதை மறுபடி செருகிவிட வேண்டும். சோதனை அதற்குத்தான். ஓடுகிறதே என்று உருவியதைக் குப்பையில் போட்டால் மிச்சமிருப்பது ஒற்றை. இதை முதலாளியிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ரெட்டை சொன்னால் அந்த மனிதர் காது கொடுப்பார், இந்த ஒரு விஷயத்தில் ரெட்டைதான் அவருக்கு வாத்தியார். ரெட்டை சொல்லவில்லை. முதலாளியைத் திருத்தப் போய் அந்தத் தோள்தட்டு நின்றுவிட்டால்? சும்மா இருந்துவிட்டார். அடுத்து எடை போடும் இடத்தில் ஒருவன் போனான், கேன்டீனில் ஒருவன், பெல்ட் பழுது பார்ப்பவர்களில் ஒருவன். கொட்டகையில் "அவனை இழுத்துட்டாங்க" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ரெட்டை மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணாடி நல்ல கெட்டிக் கண்ணாடி. கீழே நடப்பது தெரியும், சத்தம் கேட்காது.

குளிர் அறையிலும் இரண்டு பேர்தான். ஒருவர் ரெட்டை. இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி.

மைத்துனனைக் கொண்டுவந்து சேர்த்ததே ரெட்டைதான். வயிற்றில் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்தபோது, தனக்கு மாற்று வேண்டும் என்று பயம் வந்தது. வெளியாள் என்றால் என்றைக்காவது காலை வாரிவிடுவான், சொந்தக்காரன் என்றால் சொன்ன பேச்சு கேட்பான் என்று கணக்குப் போட்டு இவனைப் பிடித்தார். கணக்கு தப்பவில்லை. அவன் வேறொரு வேலையை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு ரெட்டையின் வீட்டு மாடிக்கே குடிவந்தான். நிதானமான பேச்சு, சுத்தமான கை. ரெட்டை ஒரு தடவை காட்டியதை இரண்டாவது தடவை கேட்கமாட்டான். மாமா சொன்னால் சரி. எப்போதும் எல்லாவற்றிலும் மாமா சொன்னால் சரி.

சாயங்காலம் ஒருநாள் முதலாளி குளிர் அறைக்கு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் ரூமை மட்டும் விட்டு வச்சா மத்தவன் என்னைப் பத்தி என்ன நெனைப்பான் ரெட்டை? அடுத்த வாரம் நீ வீட்ல இரு. உன் மச்சினன் ஓட்டட்டும். அந்த வாரத்துலயே இழுப்புச் சோதனையையும் வச்சிடலாம். பெரிய கம்பெனி ஒண்ணு பாக்க வருது. அவங்க பார்சல் மொத்தமும் நமக்குக் கிடைக்கும்போல இருக்கு. அவனே செஞ்சு காட்டட்டும்."

"சரிங்க முதலாளி" என்றார் ரெட்டை.

அவன் நன்றாக ஓட்டுவான் என்று ரெட்டைக்குத் தெரியும். அதுதான் பயமே. வாரம் முடிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டில் போய் நிற்கிற தன்னை அவர் அன்றிரவெல்லாம் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய ஆளை இந்தத் தொழிலில் யார் சீண்டுவார்கள்? அவனுக்கு இளவயசு, எங்கேயும் பிழைத்துக்கொள்வான். அவனுக்கு ஒரு சின்னப் பிள்ளை இருப்பது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

வீட்டுக்குப் போவதற்கு முந்தைய கடைசி நாள், மைத்துனன் சாப்பிடக் கீழே இறங்கினான். ரெட்டை தரைப் பலகையைத் தூக்கினார். நீல லைனில் இருந்த வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் கீச்சென்றது, ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு வைத்ததன் பலன் அதுதானே. அந்த வயரைச் சிவப்பு லைனில், முதல் வயருக்குப் பக்கத்திலேயே செருகினார். கீச்சு நின்றது. இரண்டு விளக்கும் பச்சை. பலகையை மூடி, மேலே காலால் ஒரு மிதி மிதித்தார். கீழே ஒரு பெட்டிகூடத் தயங்கவில்லை. தான் வாழ்நாளெல்லாம் கட்டிக் காத்ததைத் தன் கையாலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, சாப்பிட்டு வந்தவனிடம் சாவியைக் கொடுத்தார்.

"பாத்துக்கோ மாப்ளே."

"நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க மாமா. ஒண்ணும் ஆகாது."

சோதனை நாள் காலையில் ரெட்டை வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் பலகையைத் தூக்கிவிடுவானே என்பதுதான் கவலை. தானே பயிற்றுவித்த பிள்ளை, வயரைத் தடவாமல் சுவிட்சில் கை வைக்கமாட்டான். நினைத்தபடியே போன் வந்தது. அவன் குரல் கிசுகிசுத்தது.

"மாமா, முதலாளி இப்பவே ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டாரு. வயரைத் தடவிப் பாத்துட்டுதான் அணைக்கணும்னு சொன்னேன். பலகையைப் பெயர்த்துக்கிட்டு விருந்தாளிங்க முன்னாடி நிக்கப் போறியான்னு சத்தம் போடறாரு. என்ன மாமா பண்றது?"

"போறப்ப நானே தடவிப் பாத்துட்டுதான் வந்தேன். சரியா இருக்கு. சிவப்பு லைனை அணை."

"நீங்க பாத்தாச்சா? அப்ப சரி மாமா."

அவ்வளவுதான். அந்த 'அப்ப சரி மாமா'வில் துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட ரெட்டைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். இரண்டாவது போன் முதலாளியிடமிருந்து வந்தது. கத்தல்தான் கேட்டது, வார்த்தை புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது, முன்பு பவர் சப்ளை புகைந்த சமயத்தில் கேட்ட அதே அமைதி. பெல்ட்டுகள் செத்த பாம்புகளாகக் கிடந்தன. விருந்தாளிகள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள், முதலாளி கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். ரெட்டை மாடிக்கு ஓடினார். பலகையைத் தூக்கி, எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு சத்தம் போட்டார்.

"ரெண்டு வயரும் ஒரே லைன்ல! யாரு செஞ்ச வேலை இது? நான் போறப்ப சரியாத்தானே இருந்துச்சு!"

மைத்துனன் அவரைப் பார்த்தான். போனில் பேசி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

"நான்தான் முதலாளி. சுத்தம் பண்றப்ப மாத்திச் சொருகிட்டேன் போல."

இதை ரெட்டை எதிர்பார்க்கவில்லை. அவன் மறுப்பான், சண்டை போடுவான், தன் பேச்சா அவன் பேச்சா என்று வரும், தன் பேச்சு நிற்கும் என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். சண்டையே இல்லாமல் ஜெயித்துவிட்டதில் ஒரு நிமிடம் தடுமாறினார். ஒரு நிமிடம்தான்.

முதலாளி அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய், இறக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"பெல்ட்டை நிறுத்துனவன் நீதானே? இன்னிக்கு நீதான் பெல்ட்டு. தூக்கு."

அந்த முனையிலிருந்து இந்த முனை வரை, ஒவ்வொரு பெட்டியாகத் தலையில் வைத்து நடந்தான். எல்லோரும் பார்த்தார்கள். உதவிக்கு ஒருவன் ஒரு பெட்டியைத் தூக்கப் போக, "உன்னையும் இழுக்கணுமா?" என்றார் முதலாளி. அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டான்.

மாடியில் ரெட்டை கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று செத்த இயந்திரம், கணக்குகளைச் சரிபார்த்துத்தான் எழும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிடிக்கவேண்டிய நேரத்தைவிட அதிக நேரத்தை ரெட்டை எடுத்துக்கொண்டார். சீக்கிரம் எழுப்பினால் அது சின்னத் தப்பாகப் போய்விடும். நேரமாக ஆகத்தான் தப்பு பெரிதாகும், எழுப்பினவரும் பெரியவராவார். சரிபார்த்ததையே மறுபடி சரிபார்க்க விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மைத்துனன் ஒரு பெரிய பெட்டியோடு தள்ளாடுவது தெரிந்தது. ரெட்டை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் பெல்ட்டுகள் ஓடின. கொட்டகையே கைதட்டியது. முதலாளி ஓடிவந்து ரெட்டையைக் கட்டிப்பிடித்தார். அதே நேரத்தில் கேட்டில் கேட் அக்கா மைத்துனனின் அட்டையை வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த வேலை இப்போது அவளுக்குப் பழகிவிட்டது.

வீட்டில் மைத்துனன் மாடிப்படியில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். ரெட்டை வந்ததும் எழுந்து நின்றான். பழக்கம்.

"மாமா, நீங்க பாத்துட்டேன்னு போன்ல சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்களுக்கும் வயசாகுதுல்ல, ஏதோ ஞாபக மறதியில மாத்திச் சொருகிட்டீங்க. அது வெளிய தெரிஞ்சா அந்தாளு உங்களைத் தொலைச்சுடுவாரு. நான் எங்கயாவது மூட்டை தூக்கியாவது பொழச்சுக்குவேன். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

ரெட்டை ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. "வயரைத் தடவிப் பாக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார். வாயில் வந்தது அதுதான்.

"தப்புதான் மாமா" என்றான் அவன்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி இதைக் கேட்டுவிட்டாள். தம்பி மேலே போகும்வரை காத்திருந்தாள்.

"மறதியா? உங்களுக்கா?"

"மனுசன்தானே."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த முகத்தில் படிக்க வேறு என்ன பாக்கி. ஆனாலும் நம்ப மனசு வரவில்லை, பாவம். தம்பிக்காக ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"சரிங்க. மறதியாவே இருக்கட்டும். நாளைக்கு முதலாளிகிட்ட போயி அதைச் சொல்லுங்க. தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க. உங்களை அவ்வளவு சுலபமா வேலையை விட்டு அனுப்பமாட்டாரு. அவனைத் திருப்பிச் சேத்துக்குவாரு. உங்க கால்ல வேணா விழறேன்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் ரெட்டை.

மறுநாள் முதலாளி அறைக்குப் போகவும் செய்தார். உள்ளே கேட் அக்கா லாரிக் கணக்கோடு ஓரமாக நின்றிருந்தாள். முதலாளி ரெட்டைக்கு நாற்காலி போடச் சொன்னார். நேற்றைய கோபம் இறங்கி, மனிதர் கொஞ்சம் இளகியிருந்தார்.

"உன் மச்சினனைக் கொஞ்சம் அதிகமாவே படுத்திட்டேன் ரெட்டை. புள்ளைக்காரன். உன் முகத்துக்காகச் சொல்றேன், கேட்ல இவளுக்குத் துணையா போட்டுடட்டுமா? இவளும் ஒண்டியாக் கெடந்து சாகறா."

கேட் அக்கா சட்டென்று தலைதூக்கினாள். அவளுக்கும் அது விடுதலைதான்.

ரெட்டை மறந்தேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. அதைச் சொல்லாவிட்டாலும் சரி, 'போடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கேட்டில் அவன் தினமும் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த போனைப் பற்றி யாரிடமாவது உளறுவான். ரெட்டைக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"வேணாம் முதலாளி. சொந்தக்காரன்னு பாக்கக்கூடாது. சின்ன வயசுலேருந்தே அவனுக்குக் கவனம் பத்தாது. கேட்லயும் ஒரு வம்பை இழுத்து வைப்பான்."

முதலாளி நெகிழ்ந்து போனார். "உன்னை மாதிரி ஒரு ஆளு..." என்று தோளில் தட்டினார்.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள், பின்னால் தம்பி. "சொன்னீங்களா?"

"சொன்னேன். என் தப்புதான்னு எவ்வளவோ மன்றாடினேன். அந்தாளு மசியல."

மைத்துனனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மாமா? உங்க வேலையையே பணயம் வச்சா? நான் வேணாம்னுதானே சொன்னேன்..." மனைவி ஒரு கணம் கணவரை நம்பினாள். அன்று ரெட்டையின் தட்டில் எல்லாம் கூடுதலாக விழுந்தது. அவரும் சாப்பிட்டார்.

அந்த நம்பிக்கை அடுத்த நாள் கடைத்தெரு வரை தாங்கியது. காய்க்கடையில், தன் தப்பென்று கணவர் மன்றாடியதைச் சொன்ன மனைவியின் கையைப் பிடித்துக் கேட் அக்கா ஓரமாக இழுத்தாள்.

"முதலாளியே கேட் வேலை தரேன்னாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். உங்க வீட்டுக்காரருதான் வேணாம்னுட்டாரு. கவனம் பத்தாத பயன்னுட்டாரு. தன் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. உங்க தம்பி வந்திருந்தா எனக்கும் ஒரு வாய் டீ குடிக்க நேரம் கெடைச்சிருக்கும். ஏன் இப்படி?"

மனைவி காய் வாங்காமல் வீடு திரும்பினாள். மாடியிலிருந்து சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தம்பிக்கு வேறு ஊரில், ஒரு கிடங்கில் சுமை தூக்கும் வேலை கிடைத்திருந்தது. வாசலில் சின்ன வண்டி ஒன்று நின்றது. அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

ரெட்டை உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி கதவைச் சாத்திவிட்டு, கேட் அக்கா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். ரெட்டை பொத்தானைப் போடுவதை நிறுத்தினார்.

"வயரை மாத்துனதும் நீங்கதானே? தெரிஞ்சே."

அவர் மறுபடி பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"அவன்கிட்ட சொல்லமாட்டேன். உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்ல. அவனுக்கு வேலை போச்சு. நம்பின ஆளும் போகணுமா? அது மட்டுமாவது அவன்கிட்ட இருக்கட்டும். வெளிய வாங்க. கிளம்பறான்."

"நான் வரலை... தலை வலிக்குது."

"வாங்க."

அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. பின்னாலேயே போனார்.

மைத்துனன் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவருடைய கை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெட்டி சுமந்த தோல் உரிந்து, உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"மாமா, எங்க அப்பா இருந்திருந்தாகூட எனக்காக இப்படிப் போயி நின்னிருப்பாரான்னு தெரியல. என் புள்ளைக்கு விவரம் தெரியறப்ப சொல்லுவேன் மாமா."

ரெட்டை கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். தலையைத் திருப்பினார். திருப்பின பக்கத்தில் மனைவி வந்து நின்றாள்.

"விடாதேடா தம்பி, நல்லா கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள். "மாமா முகத்தைப் பாத்துச் சொல்லு. சொல்லுங்க நீங்களும். முதலாளிகிட்ட போயி என்ன சொன்னீங்கன்னு அவன் காதாரக் கேட்டுட்டுப் போகட்டும்."

தம்பி கண்ணீரோடு, ஆசையாக, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"என் தப்புன்னு... சொன்னேன்" என்றார் ரெட்டை.

"இன்னும் சத்தமா" என்றாள் அவள்.